அக்டோபரில் அகேடியா: இலையா, கடலா, மூஸா? (லென்ஸ் வாடகை பற்றியும் ஒரு கேள்வி)

எடிசன்_செந்தில் எழுதியது · செப்டம்பர் 20

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் 14 அன்று நியூஜெர்சியிலிருந்து மெய்ன் மாநிலத்தில் இருக்கும் அகேடியா தேசியப் பூங்காவுக்குக் காரில் கிளம்புகிறோம். 17ஆம் தேதி திரும்ப வேண்டும். நான், மனைவி, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க மாட்டார்.

என்னிடம் இருப்பது சோனி 6400, 18-135 லென்ஸ், ஒரு மலிவான ட்ரைபாட். கடல், லைட் ஹவுஸ், சிவந்த மேப்பிள் மரங்கள், முடிந்தால் ஒரு மூஸ் (பெரிய மான் இனம்), இவ்வளவும் எடுக்க ஆசை. மூஸுக்காக 200-600 லென்ஸை வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். மூன்று நாள் வாடகையே கையைக் கடிக்கிறது.

போன வருடம் வெர்மான்ட் போய் 900 படம் எடுத்தேன். ஒன்றுகூடச் சுவரில் மாட்டும்படி இல்லை. எல்லாமே ஆரஞ்சு நிறக் கம்பளத்தை மேலே இருந்து எடுத்தது மாதிரி இருந்தது. இந்த முறையும் அப்படி ஆகிவிடக் கூடாது. எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போவது, எதை விட்டுவிடுவது என்று போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ரமா_பாஸ்டன் எழுதியது · செப்டம்பர் 20

முதலில் கேடிலாக் மலைக்குக் கார் முன்பதிவு. இதை நிறையப் பேர் மறந்துவிட்டுக் கீழே கேட்டில் வாக்குவாதம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு, இது வேறு. காருக்கு 6 டாலர். சூரிய உதயத்துக்குத் தனி அனுமதி. 90 நாள் முன்பே ஒரு பகுதி விற்றுவிடும். மீதி பெரும்பகுதியை இரண்டு நாள் முன்பு காலை 10 மணிக்கு ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் திறப்பார்கள். 10 மணி 1 நிமிடத்துக்குப் போனால் கிடைக்காது, தத்கல் டிக்கெட் மாதிரிதான். அனுமதியை ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலையில் சிக்னலை நம்ப முடியாது.

இன்னொன்று, மேலே காற்று பயங்கரமாக அடிக்கும். அம்மாவுக்குக் குல்லா, கையுறை இல்லாமல் கூட்டிப் போகாதீர்கள்.

---

வாடைக்காற்று எழுதியது · செப்டம்பர் 21

செந்தில், நான் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தான். இப்போது இருப்பது மாசசூசெட்ஸில். அகேடியாவுக்கு ஒன்பது அக்டோபர் போயிருக்கிறேன். முதல் தடவை போனபோது ஒரு 70-200 லென்ஸைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் இலை இருக்கிறது, மூஸ் இருக்கிறது, ஓதம் (கடல் தினமும் ஏறி வற்றுவது) பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் ஊரில் கடல் ஏறுவதும் வற்றுவதும் இடுப்பளவுகூட வராது. கடலோடு வளர்ந்தவன் என்ற திமிரில், அகேடியாவில் ஓட்டர் கோவ் பக்கம் ஒரு பாறை மேல் பையை வைத்துவிட்டு நாற்பதடி தள்ளி ட்ரைபாட் போட்டு நின்றேன். அரை மணி நேரம் இருக்கும். திரும்பிப் பார்த்தால் பை இருந்த பாறை தீவாகிவிட்டது. அலைகூடப் பெரிதாக அடிக்கவில்லை, தண்ணீர் சத்தமில்லாமல் ஏறியிருக்கிறது. அந்தப் பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 10 முதல் 12 அடி. மூன்று மீட்டருக்கு மேல்! ஆறு மணி நேரத்தில் ஒரு மாடி உயரம் தண்ணீர் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையைத் தொடை ஆழத் தண்ணீரில் இறங்கித்தான் எடுத்தேன். லென்ஸ் பிழைக்கவில்லை.

அதனால் அங்கே போகிறவர்கள் முதலில் எடுக்க வேண்டியது, பூங்காவை ஒட்டிய ஊரான பார் ஹார்பரின் ஓத அட்டவணை. இலை நிறம் எத்தனை சதவீதம் என்று தினமும் ஒரு வரைபடம் வரும், எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிறம் இரண்டு நாள் முன்னே பின்னே போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஓதம் இரண்டு மணி நேரம் தப்பினால் படமே இல்லை.

உதாரணத்துக்கு போல்டர் பீச். மான்யுமென்ட் கோவ் பக்கம், தேங்காய் முதல் பூசணி வரை எல்லா அளவிலும் உருண்டைக் கற்கள் குவிந்து கிடக்கும். தெற்கே ஓட்டர் கிளிஃப், 110 அடிச் செங்குத்துப் பாறை. விடியலில் வெயில் அந்தப் பாறை முகத்தில் நேராக விழும். கடல் நிறைந்திருக்கும்போது போனால் காய்ந்து சாம்பல் பூத்த கல்தான் கிடைக்கும். ஓதம் இறங்கிக்கொண்டிருக்கும்போது போனால் கல் எல்லாம் நனைந்து, ஒவ்வொன்றிலும் வானத்தின் நிறம் ஒரு கோடு ஓடும். கடல் பின்வாங்கிக்கொண்டிருப்பதால் உங்களுக்கும் ஆபத்து குறைவு. தண்டர் ஹோல் இதற்கு நேர் எதிர். அங்கே பாறை இடுக்கில் அலை புகுந்து இடி மாதிரி முழங்க வேண்டும் என்றால் முழு ஏற்றத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு போக வேண்டும். வற்றத்தில் போனால் குழாயில் தண்ணீர் வராத சத்தம்தான் கேட்கும்.

கணக்குப் போட அட்டவணைகூட வேண்டாம், அம்மாவின் தினசரி காலண்டர் போதும். அந்தக் கரையில் அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்த இரண்டு மூன்று நாட்களில் விடியற்காலையிலும் அந்தியிலும் கடல் வற்றிக் கிடக்கும், நடுப்பகலில் நிறையும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நீங்கள் போகும் 14ஆம் தேதியே மகாளய அமாவாசை. அதனால் 16, 17 காலைகளை எதற்காகவும் விட்டுவிடாதீர்கள். சூரிய உதயம் 6.45 வாக்கில். நீங்கள் 6 மணிக்கே கல் மேல் நிற்க வேண்டும்.

இப்போது இலை. வெர்மான்ட் படங்கள் கம்பளம் மாதிரி வந்ததற்குக் காரணம் உங்கள் கை இல்லை. மலை மேல் நின்று எடுத்தால் யார் எடுத்தாலும் கம்பளம்தான். அகேடியாவில் ஒரு வசதி உண்டு. பூங்காவின் பெரும்பகுதி ஒரு தீவில் இருக்கிறது. 1947 அக்டோபரில் அந்தத் தீவில் பெரிய காட்டுத்தீ. 17,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது, அதில் 10,000 ஏக்கருக்கு மேல் பூங்காவுக்குள். அதுவரை கிழக்குப் பக்கம் ஸ்ப்ரூஸ், ஃபிர் மாதிரி எப்போதும் பச்சையாக இருக்கும் ஊசியிலை மரங்கள்தான் அதிகம். எரிந்த இடத்தில் வெயில் விழுந்ததும் இலையுதிர் மரங்களான பர்ச்சும் ஆஸ்பெனும் முளைத்தன. நாம் இன்றைக்கு ஓடி ஓடி எடுக்கும் மஞ்சள் முக்கால்வாசி அந்தத் தீ போட்ட விதை. கிழக்கில் நிறம், தீ தொடாத மேற்கில் கரும்பச்சை என்று தீவு இரண்டாகப் பிரிந்து நிற்பது அதனால்தான். காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு என்று நான் வைத்துக்கொண்டதும் இதை வைத்துத்தான்.

அம்மாவோடு போக ஏற்ற இடம் சியர் டி மான்ட்ஸ் பகுதியில் ஜெசப் பாதை. மரப்பலகை போட்ட சமதள நடைபாதை, இரண்டு பக்கமும் வெள்ளைப் பர்ச் மரங்கள். அங்கே வெயில் நாளில் போகாதீர்கள். மேகமூட்டம் வேண்டும், லேசான தூறல் இருந்தால் இன்னும் நல்லது. போலரைசர் (லென்ஸ் முன்னால் மாட்டித் திருப்பும் ஃபில்டர்) ஒன்று வாங்குங்கள். நனைந்த இலையின் மேல் வெள்ளையாக ஒரு பளபளப்பு இருக்கும், வளையத்தைத் திருப்பினால் அது விலகி உள்ளே இருக்கும் நிறம் வெளியே வரும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகும்), அதனால் ட்ரைபாட். ஃபிரேமில் வானத்தைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். வெள்ளை மரம், மஞ்சள் இலை, கீழே பழுப்புச் சருகு, அவ்வளவு போதும்.

சிவப்புக்கு மேப்பிளைத் தேடி அலைய வேண்டாம். கேடிலாக் உச்சியில் கணுக்கால் உயரத்துக்குப் புளூபெர்ரிச் செடி படர்ந்திருக்கும். அக்டோபரில் அது குங்குமச் சிவப்பு. ரோஜா நிறக் கிரானைட் வெடிப்புகளில் அது ஓடுவதைக் குனிந்து பாருங்கள். எல்லோரும் கிழக்கே சூரியனைப் பார்த்து நிற்கும்போது நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இதைத்தான் எடுப்பேன். பாறை மேல் மட்டும் நில்லுங்கள், செடியை மிதித்தால் மீண்டும் வளர வருடக் கணக்காகும். அக்டோபர் 7 வாக்கிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அமெரிக்காவில் முதல் வெயில் படும் இடம் இந்த 1,530 அடி மலைதான் என்பார்கள். அந்தப் பெருமைக்காகத்தான் அத்தனை கூட்டம்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பில் ஹிஸ்டோகிராம் (கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) ஏமாற்றும். மொத்த வரைபடம் ஒழுங்காக இருக்கும், சிவப்பு சேனல் மட்டும் வலது ஓரம் முட்டி நிற்கும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் போட்டுப் பாருங்கள். நான் முக்கால் ஸ்டாப் குறைத்தே எடுப்பேன். அப்புறம் வீட்டுக்கு வந்து சேச்சுரேஷனை ஏற்றாதீர்கள், அந்தப் பாவத்தை இணையத்தில் ஏற்கனவே ஆயிரம் பேர் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பாஸ் ஹார்பர் லைட் ஹவுஸ் (1858இல் கட்டியது) மாலைக்கு. பார்க்கிங் மிகச் சின்னது. சூரியன் மறைவது 5.45 வாக்கில் என்றால் 3.30க்கே போய்விட வேண்டும். படம் எடுக்கும் இடத்துக்கு மரப்படி இறங்கி, பிறகு பாறை மேல் தவழ வேண்டும். அம்மா வேண்டவே வேண்டாம். நேரம் இல்லையென்றால் முதலில் வெட்ட வேண்டிய இடமும் இதுதான். அந்தப் படம் எல்லோரிடமும் இருக்கிறது.

---

கூழைக்கடா எழுதியது · செப்டம்பர் 21

மூஸ் பற்றி மட்டும். அந்தத் தீவில் மூஸ் பார்ப்பது மிக மிக அபூர்வம். கடைகளில் பொம்மை மூஸ் நிறைய இருக்கும், அதைத்தான் எடுக்க முடியும். உண்மையில் வேண்டும் என்றால் உள்நாட்டுப் பக்கம் மூஸ்ஹெட் ஏரி, பேக்ஸ்டர் பூங்கா என்று வேறு பயணமே போட வேண்டும்.

200-600 வேண்டாம். இரண்டு கிலோவுக்கு மேல், உங்கள் ட்ரைபாட் தாங்காது. 6400க்கு 70-350 எடுங்கள், 625 கிராம்தான், வாடகையும் குறையும். உங்கள் கேமராவின் சிறிய (கிராப்) சென்சாரில் அது 525 மி.மீ. அளவுக்கு வேலை செய்யும்.

அதை வைத்து என்ன எடுக்கலாம் என்றால்: கரையோரம் ஐடர் வாத்துக் கூட்டம். ஆண் வாத்துகள் அக்டோபரில் இறகு மாற்றிக்கொண்டிருக்கும், வெள்ளையும் கறுப்பும் திட்டுத்திட்டாக, பாதி பெயின்ட் அடித்த சுவர் மாதிரி. எனக்கு அதுதான் பிடிக்கும். வற்றத்தில் தலை காட்டும் பாறைகளில் சீல் படுத்திருக்கும், 150 அடிக்குக் கிட்டே போகக் கூடாது. அது தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தாலே நீங்கள் ஏற்கனவே கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். கேடிலாக் மலையில் 1995 முதல் இலையுதிர் காலத்தில் வல்லூறு, பருந்துகளை எண்ணுகிறார்கள், அக்டோபர் நடு வரை ஆள் இருப்பார்கள். வட காற்று அடிக்கும் தெளிந்த நாளில் போய்ப் பக்கத்தில் நின்றால் போதும், எது எங்கே வருகிறது என்று அவர்களே கைகாட்டுவார்கள். பெரெக்ரின் வல்லூறு ஒன்று கண்ணில் பட்டால் அதன் கதையையும் கேளுங்கள். மெய்ன் மாநிலத்திலிருந்தே அழிந்துபோன பறவை. 1984இல் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டு, 1991இல் அகேடியாவில் மறுபடி கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது.

பறக்கும்போது ஷட்டர் 1/1600, ஆட்டோ ஐஎஸ்ஓ. படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியுமே என்று பயப்படாதீர்கள்.

அந்தியில் விட்ச் ஹோல் குளத்தில் நீர்நாய் மாதிரி ஒன்று நீந்தினால் அது பீவர். 1921இல் திரும்பக் கொண்டுவந்து விட்டவை. வாடைக்காற்று சொன்ன அதே தீக்குப் பிறகு ஆஸ்பென் தளிர் பெருகவும் இதுவும் பெருகிவிட்டது.

ட்ரோன் தேசியப் பூங்காக்களில் தடை. கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

---

எடிசன்_செந்தில் எழுதியது · செப்டம்பர் 23

அண்ணா, கூழைக்கடா, ரமா மூவருக்கும் நன்றி. மூஸ் ஆசையை விட்டாயிற்று. 70-350 சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். அலைக்கு ஷட்டர் எவ்வளவு வைப்பது? வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வாங்க வேண்டுமா? அப்புறம், பாறையில் எது வரை இறங்கலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

வாடைக்காற்று எழுதியது · செப்டம்பர் 23

தம்பி, முப்பது விநாடி வைத்தால் கடல் பால்கோவா ஆகிவிடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது அட்லாண்டிக்கா ஏரியா என்று யாராலும் சொல்ல முடியாது. அலை கல்லைத் தாண்டித் திரும்பி ஓடும்போது கால் விநாடி முதல் ஒரு விநாடி வரை வைத்துப் பாருங்கள். தண்ணீர் இழை இழையாக, வலை இழுத்த தடம் மாதிரி வரும். வரும் அலையை விடுங்கள், போகும் அலையை எடுங்கள். விடியலில் எஃப்/11, ஐஎஸ்ஓ 100 வைத்து போலரைசரும் போட்டால் அந்த வேகம் தானாகவே கிடைக்கும். என்டி தேவையில்லை.

எது வரை இறங்கலாம் என்பதற்குப் பாறையே கோடு போட்டு வைத்திருக்கிறது. மேலே ரோஜா நிறக் கிரானைட். அதற்குக் கீழே தார் பூசியது மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. அது கறை இல்லை, நுண்ணுயிர். முழு ஏற்றத்தில் தண்ணீர் தெறிக்கும் இடம் அதுதான், நனைந்தால் எண்ணெய் மாதிரி வழுக்கும். அதற்கும் கீழே பாசிக் கொத்து. நான் கறுப்புப் பட்டையில் கால் வைப்பதில்லை. புயல் எங்கோ நடுக்கடலில் போகிறது என்று செய்தி வந்தால் கரைக்கே போவதில்லை. 2009 ஆகஸ்டில் தண்டர் ஹோல் பக்கம் அப்படித் தூரத்துப் புயலின் அலையை வேடிக்கை பார்த்தவர்களை ஒரு பேரலை இழுத்து, ஏழு வயதுக் குழந்தை இறந்துபோனது. அன்றைக்கு வானத்தில் புயலே இல்லை.

ஒரு சில்லறை விஷயம்: வெளியே குளிரில் இருந்த கேமராவை ஹீட்டர் போட்ட காருக்குள் அப்படியே கொண்டுபோகாதீர்கள், லென்ஸ் வியர்த்துவிடும். ஜிப் கவரில் போட்டு மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் திறங்கள். ட்ரைபாட் காலைத் தினமும் ஹோட்டல் குளியலறையில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு ஒரே வாரத்தில் திருகாணியைப் பிடித்துக்கொள்ளும்.

---

எடிசன்_செந்தில் எழுதியது · அக்டோபர் 22

போய் வந்துவிட்டோம். நடந்ததைச் சொல்கிறேன்.

14ஆம் தேதி அப்பாவுக்குப் படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் அம்மா கிளம்ப விட்டார். போய்ச் சேர இரவு பத்தரை. கேடிலாக் உதய அனுமதி கிடைக்கவில்லை. பகல் அனுமதிதான். ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. மேலே போனபோது மேகம் மூடியிருந்தது, சூரியனே இல்லை, அதனால் எல்லோரும் காரில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் மண்டியிட்டுப் புளூபெர்ரியை எடுத்தேன். 18 மி.மீ. வைத்து, வெடிப்பு ஒன்று கீழ் மூலையிலிருந்து கடல் வரை ஓடுகிற மாதிரி. சுவரில் மாட்டப் போவது அதுதான்.

ஜெசப் பாதையில் தூறல். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு நான் எடுக்கும் வரை பொறுமையாக நின்றார். பர்ச் மரப் பட்டை உரிவதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கொய்யா மரம் மாதிரி இருக்கிறது, ஆனால் யாரோ சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள் என்றார். ஜோர்டன் பாண்ட் ஹவுஸ் உணவகத்தில் பாப்ஓவர் என்ற உப்பிய ரொட்டி வாங்கிக் கொடுத்தோம். பிய்த்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. "பூரியை இவ்வளவு விலைக்கா விற்கிறான்?" என்று கேட்டுவிட்டு இரண்டாவதையும் சாப்பிட்டார்.

17 காலை போல்டர் பீச். அண்ணா சொன்ன மாதிரியே கடல் வற்றிக் கிடந்தது. திரும்பும்போது பார்த்தால் அம்மா மேலே சாலையோரத்திலிருந்து எப்படியோ கொஞ்சம் இறங்கி வந்து ஒரு கல்லைக் கையில் வைத்திருக்கிறார். நீள்வட்டமாக, வழவழவென்று, அச்சாகக் குழவிக்கல். இங்கே மிக்ஸியில் அரைக்கிற சட்னி வாயில் வைக்க விளங்கவில்லை, இதை எடுத்துப் போகலாம் என்கிறார். கல் எடுப்பது சட்டப்படி குற்றம் என்று சொல்லிப் புரிய வைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் எடுத்த இடத்திலேயே வைத்தார், ஆனால் வைப்பதற்கு முன் அதைக் கையில் பிடித்தபடி ஒரு படம் எடுக்கச் சொன்னார். 70-350 மாட்டியிருந்ததால் கையும் கல்லும் மட்டும்தான் விழுந்தது. மனைவிக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்த படம் அது.

சீல் இரண்டு கிடைத்தன, தொலைவில். ஐடர் வாத்து, கூழைக்கடா சொன்ன பாதி பெயின்ட் அடித்த சுவரேதான். லைட் ஹவுஸுக்குப் போகவில்லை.

ஒரு தவறு: கேடிலாக் படங்களில் ஒன்றில் ஆர்ஜிபி பார்க்க மறந்துவிட்டேன். சிவப்பு அப்படியே தட்டையாக, செடிக்குள் இலையே தெரியவில்லை. ரா ஃபைல் இருக்கிறது. மீட்க முடியுமா அண்ணா?

---

வாடைக்காற்று எழுதியது · அக்டோபர் 22

முதலில் அம்மா கைப் படத்தைப் போடுங்கள்.

சிவப்புக்கு: எக்ஸ்போஷரைக் குறைப்பதற்கு முன் ஒயிட் பேலன்ஸைக் குளிர்ந்த பக்கம் தள்ளிப் பாருங்கள். பல சமயம் சென்சாரில் சிவப்பு நிரம்பியிருக்காது, மென்பொருள் வெப்பம் கூட்டிக் காட்டும்போதுதான் வழியும். அப்புறம் கலர் புரொஃபைலை நியூட்ரலுக்கு மாற்றுங்கள். இலை ஓரம் தெரிய ஆரம்பித்தால் படம் பிழைத்தது. அதற்கும் தெரியவில்லை என்றால் உண்மையிலேயே போய்விட்டது, அடுத்த படத்தைப் பாருங்கள்.

உங்கள் போல்டர் பீச் படங்களில் ஷட்டர் என்ன வைத்தீர்கள்?

---

எடிசன்_செந்தில் எழுதியது · அக்டோபர் 23

அரை விநாடி அண்ணா. ஒயிட் பேலன்ஸ் 5600இலிருந்து 4700க்கு இறக்கினேன், இலை நரம்பு வரை வந்துவிட்டது. அம்மா படம் இரவு போடுகிறேன், அவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டுமாம்.